அத்தியாயம் 6: ஹார்ட் டிஸ்க் டாக் – படிப்பதும் நகலெடுப்பதும்

எஸ்டேட் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. உள்ளே பல வருஷத்துச் செக்ரோல் இருக்கிறது. ஒரு தொழிலாளி ஓய்வு பெறும்போது அவர் எத்தனை வருஷம், எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில், பாட்டனின் பாஸ்போர்ட் காகிதமாக நைந்துபோய், ஸ்கேன் செய்த படமாக மட்டும் ஒரு பேரனின் லேப்டாப்பில் இருக்கும். ஊட்டி இந்து நகர் ஆலையில் தயாரான பிலிமில் எடுத்த நெகட்டிவ்கள் டப்பா டப்பாவாக இருந்த ஸ்டுடியோ அலமாரிகளில் இப்போது ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கின்றன. பூஞ்சை பிடித்த நெகட்டிவிலிருந்து மங்கலாகவாவது ஒரு முகத்தை எடுத்துவிடலாம். டிஸ்க் பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும்.

கம்ப்யூட்டர் செத்தாலும் உள்ளே இருக்கும் டிஸ்க் பல நேரம் நன்றாகவே இருக்கும். அதை வெளியே எடுத்து, டாக்கிங் ஸ்டேஷன் என்னும் டாக்கில் செருகினால் வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். இன்னொரு டிஸ்க்குக்கு அச்சு அசலாக நகலும் எடுக்கலாம். இந்த அத்தியாயம் முழுக்க மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றே: முதலில் நகல். திறந்து பார்ப்பது, தேடுவது, பழுது நீக்குவது எல்லாம் நகலில்.

எதை வாங்குவது

வீட்டுக்கு இரண்டு ஸ்லாட் டாக் போதும். ஸ்டுடியோ, பேக்டரி ஆபீஸ் என்றால் நான்கு ஸ்லாட் வாங்குங்கள். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க், லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் இரண்டையும் அது ஏற்க வேண்டும். யுஎஸ்பி 3.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலே நகலெடுக்கும் 'ஆஃப்லைன் க்ளோன்' வசதி கட்டாயம். எல்லா டாக்கிலும் அது இருப்பதில்லை, பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஸ்லாட்டுக்குத் தனித்தனி சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் ஒரே நொடியில் கிளம்பினால் அடாப்டர் திணறும். ஒவ்வொன்றாகப் போட்டால் அந்தச் சுமை பிரியும்.

எச்சரிக்கை: டாக்குடன் வந்த அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். பிளக் பொருந்துகிறதே என்று செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டாதீர்கள். ஆம்பியர் குறைந்தால் டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். அந்தத் தடுமாற்றமே நல்ல டிஸ்க்கைக் கெடுக்கும். வோல்ட் மாறினால் டிஸ்க்கின் போர்டே எரியும்.

2000களின் முற்பகுதியில் வாங்கிய கம்ப்யூட்டர்களில் அகலமான 40 பின் கொண்ட ஐடிஇ டிஸ்க் இருக்கும். அது சாதாரண சாட்டா ஸ்லாட்டில் பொருந்தாது. ஐடிஇ முனையும் உள்ள டாக்கோ, தனி மாற்றி கேபிளோ வேண்டும். புது லேப்டாப்களில் வரும் சூயிங்கம் பட்டை அளவு எஸ்எஸ்டிக்கும் தனி டாக் உண்டு.

மலையில் வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவை

உயரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் முனை, சுழலும் தட்டுக்கு மேல் காற்றின் மீதே மிதக்கிறது. காற்று மெலிந்தால் அது தட்டை நெருங்கும். அதனால்தான் கம்பெனிகள் உயர வரம்பு குறிப்பிடுகின்றன. பெரும்பாலும் அது 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே நீலகிரியில் எந்த ஊரிலும் உயரம் தடையில்லை. டிஸ்க்கின் மூடியில் உள்ள சிறு துளையை மட்டும் லேபிள் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவது அந்தத் துளை வழியாகத்தான்.

உண்மையான பகை ஈரமும் கரண்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். இரவு முழுக்க ஜீப்பில் கிடந்த டிஸ்க்கைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் பூக்கும். மூக்குக்கண்ணாடியில் படிவதைப் போலத்தான். அப்படியே கரண்ட் கொடுத்தால் போர்டு ஷார்ட் ஆகலாம். டிஸ்க்கைக் காற்றுப் புகாத பையில் மூடியபடியே அறைக்குள் கொண்டுவாருங்கள். பை மூடியிருக்கும்போதே இரண்டு மூன்று மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். பிறகு திறங்கள். அவசரப்பட்டு ஹீட்டர் முன்னால் வைக்கக் கூடாது; சட்டென்று ஏறும் வெப்பமும் டிஸ்க்குக்கு ஆகாது.

காற்று வறண்டிருக்கும் அதே குளிர்மாதங்களில் ஸ்வெட்டரும் கம்பளிச் சால்வையும் நிலைமின்சாரம் சேர்க்கும். டிஸ்க்கைத் தொடுமுன் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, எர்த் உள்ள கம்ப்யூட்டரின் உலோகக் கேபினட்டை ஒருமுறை தொடுங்கள். டிஸ்க்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அடியில் தெரியும் பச்சை போர்டில் விரல் படக் கூடாது.

கரண்ட் விஷயத்தில் நீலகிரிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மரம் லைனில் சாய்ந்தால் அன்றைய நாள் போயிற்று. கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மாதங்களில் யூபிஎஸ் இல்லாமல் நகலெடுக்கத் தொடங்காதீர்கள். ஆஃப்லைன் க்ளோனுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்பதால் யூபிஎஸ்ஸில் டாக்கை மட்டும் மாட்டுங்கள். ஓடும் டிஸ்க் ஒன்றுக்கு 6 முதல் 8 வாட் போதும், பேட்டரி நெடுநேரம் தாங்கும். மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாத இடி மழையில் பிளக்கையே உருவிவிடுங்கள்.

குறிப்பு: பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் ஒருவர் நடந்தால் மேசையும் அதிரும். டாக்கில் டிஸ்க் செங்குத்தாக நின்று சுழல்கிறது. அந்த அதிர்ச்சி அதற்கு ஆகாது. சுவர் மூலையில், ஆடாத மேசையில் வையுங்கள்.

முதல் வேலை: டிஸ்க்கின் உடல்நிலை

நகலெடுக்குமுன் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நல்ல டிஸ்க்குக்கு ஒரு வழி, நோயாளி டிஸ்க்குக்கு வேறு வழி. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் டேட்டா மீட்பவரைத் தேடிக் கோயம்புத்தூருக்கு ஓடுகிறார்கள்.

1. டாக் ஆஃப் நிலையில் இருக்கட்டும். டிஸ்க்கின் முனையும் ஸ்லாட்டின் முனையும் நேராக இருக்கும்படி மெதுவாக இறக்குங்கள். சாய்த்து அழுத்தினால் முனை உடையும். 2.5 அங்குல டிஸ்க் ஸ்லாட்டில் லொடலொடவென்று நிற்கும். அதற்கு இன்னும் கவனம் தேவை.

2. டாக்கை ஆன் செய்து காதைக் கொடுங்கள். ஒரே சீரான சுழற்சி ஒலி வந்தால் சரி. டக், டக் என்று தட்டினாலோ, உராயும் ஓசை வந்தாலோ உடனே ஆஃப் செய்யுங்கள். இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம்.

3. ஒலி சரியாக இருந்தால் யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா', 'இனிஷியலைஸ் செய்யட்டுமா', 'ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா' என்று விண்டோஸ் எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

4. இலவசமாகக் கிடைக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். மூன்று வரிகள் முக்கியம்: 05, சி5, சி6. பட்டியல் தசம எண்ணில் இருந்தால் 5, 197, 198. இவை பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்களையும், படிக்க முடியாமல் நிற்கும் இடங்களையும் எண்ணுகின்றன. மூன்றிலும் மூல மதிப்பு பூஜ்யம் என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம். மூன்றில் எதிலாவது எண் இருந்தால் அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டி, 'தடுமாறும் டிஸ்க்' பகுதிக்குப் போங்கள்.

சிசிடிவியின் டிவிஆரில் இருந்து எடுத்த டிஸ்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுத்தை, கரடி, காட்டெருமை நடமாட்டத்துக்காக இப்போது பல எஸ்டேட்டுகளில் கேமரா இருக்கிறது. அந்த டிஸ்க்கை டாக்கில் போட்டால் விண்டோஸுக்கு அதன் அமைப்பு புரியாது. காலி டிஸ்க் என்று நினைத்து ஃபார்மட் கேட்கும். பதிவுகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. அதைப் படிக்க டிவிஆர் கம்பெனியின் மென்பொருள் வேண்டும்.

ஆஃப்லைன் க்ளோன்: படிப்படியாக

இங்கேதான் ஒரு பொத்தானில் எல்லாம் போய்விடக்கூடும். க்ளோன் என்பது டார்கெட் (நகல்) டிஸ்க்கில் இருப்பதை முழுக்க அழித்து, சோர்ஸில் (மூலத்தில்) இருப்பதை எழுதுவது. இரண்டும் இடம் மாறினால், காலி டிஸ்க்கின் வெறுமை உங்கள் செக்ரோலின் மேல் எழுதப்படும். அதை யாராலும் மீட்க முடியாது.

1. எதையும் செருகுமுன் இரண்டு டிஸ்க்கிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒன்றில் 'மூலம்', மற்றதில் 'நகல்', கூடவே தேதி. காற்றுத் துளையை மறைக்காமல் ஒட்டுங்கள்.

2. நகல் டிஸ்க்கின் அளவு மூலத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். மூலத்தில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பது இங்கே செல்லாது. டாக் காலி இடத்தையும் சேர்த்தே படியெடுக்கும். பெட்டியில் 1 டிபி என்று இருப்பதை விண்டோஸ் 931 ஜிபி என்றும், 500 ஜிபியை 465 என்றும் காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. நகல் ஒரு செக்டர் குறைந்தாலும் டாக் மறுத்துவிடும். முடிந்தால் ஒரு படி பெரியதாக வாங்குவதே மேல்.

3. டாக்கின் கையேட்டைத் திறந்து எந்த ஸ்லாட் சோர்ஸ், எது டார்கெட் என்று பாருங்கள். சில டாக்கில் ஏ, பி. சிலவற்றில் 1, 2. நான்கு ஸ்லாட் டாக்கில் ஒரே மூலத்திலிருந்து மூன்று நகல் ஒரே நேரத்தில் எடுப்பவையும் உண்டு, குறிப்பிட்ட இரண்டு ஸ்லாட்டில் மட்டும் க்ளோன் செய்பவையும் உண்டு. முன்பு வைத்திருந்த டாக்கின் பழக்கத்தில் கை போகக் கூடாது.

4. யுஎஸ்பி கேபிளை உருவுங்கள். பெரும்பாலான டாக்குகளில் கம்ப்யூட்டர் இணைந்திருந்தால் க்ளோன் பொத்தான் வேலை செய்யாது.

5. டாக் ஆஃபில் இருக்கும்போது இரண்டு டிஸ்க்கையும் செருகுங்கள். வேறு ஸ்லாட்டில் வேறு எந்த டிஸ்க்கும் இருக்கக் கூடாது.

6. ஆன் செய்து இரண்டும் சீராகச் சுழலும்வரை பொறுங்கள். இப்போது கையை எடுத்துவிட்டு ஸ்டிக்கர்களை ஒருமுறை படியுங்கள். அருகில் யாராவது இருந்தால் அவர்களையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

7. கையேட்டில் சொன்னபடி பொத்தானை அழுத்துங்கள். பல டாக்குகளில் சில நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு மாறியதும் மறுபடி ஒருமுறை தட்ட வேண்டும்.

8. 25, 50, 75, 100 சதவீத விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். நான்கும் எரிந்து முடிந்ததும் ஆஃப் செய்து, தட்டுகள் நிற்க 15 நொடியாவது விட்டு டிஸ்க்கை எடுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கை ஒருபோதும் தூக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? நொடிக்கு 100 எம்பி வேகம் என்று கொண்டால் 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், 1 டிபிக்கு இரண்டே முக்கால் மணி நேரம், 4 டிபிக்குப் பதினோரு மணி நேரம். டிஸ்க்கின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். கடைசிக் கால்பகுதி இழுப்பது இயல்பு. 1 டிபி டிஸ்க் ஒரு பகல் முழுதும் 25 சதவீதத்திலேயே நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால்? மூலத்தை டாக் படிக்க மட்டுமே செய்கிறது, எழுதுவதில்லை; பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நகல் அரைகுறையாக இருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் வழியாக ஃபைல்களை மட்டும் எடுப்பது

கல்யாண ஆல்பம் ஒன்று, ஹெத்தை விழா வீடியோ ஒன்று என்று குறிப்பிட்ட ஃபோல்டர்கள் மட்டும் வேண்டுமென்றால் க்ளோன் தேவையில்லை. டாக்கை யுஎஸ்பியில் இணைத்து காப்பி செய்யலாம். மூன்று விஷயங்களில் தவறு நடக்கும்.

காப்பி ஓடும்போது வேறு ஸ்லாட்டில் டிஸ்க் போடுவது, எடுப்பது. பல ஸ்லாட் உள்ள டாக்குகள் பலவற்றில், ஒன்றைத் தொட்டால் எல்லா டிஸ்க்கும் ஒரு கணம் துண்டித்து மறுபடி இணையும். எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஃபைல் பாழாகும்.

'கட்' கொடுத்து 'பேஸ்ட்' செய்வது. எப்போதும் 'காப்பி' மட்டுமே. இடம் வேண்டுமென்று மூலத்திலிருந்து அழிப்பதெல்லாம் நகலைச் சரிபார்த்த பிறகு.

கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிடுவது. ஸ்லீப் அமைப்பை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் 'பாதுகாப்பாக அகற்று' கொடுத்து, பிறகு டாக்கை ஆஃப் செய்யுங்கள்.

தடுமாறும் டிஸ்க்

05, சி5, சி6 எண் ஏறியிருக்கும் டிஸ்க்கை க்ளோன் பொத்தானிடம் கொடுக்காதீர்கள். படிக்க முடியாத இடம் வந்ததும் சில டாக்குகள் அப்படியே நின்றுவிடும். சில, ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தைத் தாண்டிப்போய் 100 சதவீத விளக்கை எரித்துவிடும். இரண்டாவது வகை இன்னும் மோசம்.

இதற்கென்றே உள்ளது குனு டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி ஓட்ட வேண்டும். முதல் சுற்றில் நல்ல இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு ஒவ்வொன்றாக முயலும். சாகப்போகும் டிஸ்க்கிலிருந்து முதலில் எடுக்க முடிந்ததை எடுத்துவிட வேண்டும் என்ற வரிசைதான் இதன் சிறப்பு. எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபட ஃபைலில் எழுதி வைப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. அந்த வரைபட ஃபைலை மூலத்திலும் வைக்காமல் நகலிலும் வைக்காமல் மூன்றாவது டிஸ்க்கில் வையுங்கள். டாக் அடிக்கடி துண்டித்துக்கொண்டால், மூல டிஸ்க்கை டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டுங்கள். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ளவரை உட்காரவைத்துச் செய்யுங்கள். இங்கும் மூலம், நகல் பெயர் மாறினால் கதை முடிந்தது.

டாக்கில் போடவே கூடாதவை

தண்ணீரில் மூழ்கியது, கீழே விழுந்த பின் தட்டும் ஓசை தருவது, கருகிய வாசனை வருவது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவு வந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் சேற்றில் கிடந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். வெயிலில் காயவைக்கவோ, அரிசியில் புதைக்கவோ, மூடியைத் திறக்கவோ வேண்டாம். பையில் மூடி, டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுசெல்லுங்கள். ஒருமுறை கரண்ட் கொடுத்தாலும் அவர்கள் எடுக்கக்கூடியதும் குறைந்துபோகும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டியைப் பிரித்து உள்ளிருப்பதை டாக்கில் போடுவதும் வேண்டாம். சிலவற்றில் பெட்டிக்குள் உள்ள போர்டே தகவலைப் பூட்டி வைக்கிறது. அது இல்லாமல் டிஸ்க் வெறும் குப்பையாகத் தெரியும். பிட்லாக்கர் பூட்டிய லேப்டாப் டிஸ்க்கை க்ளோன் செய்யலாம். ஆனால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாவிட்டால் நகலும் திறக்காது.

நகலைச் சரிபார்ப்பது

1. மூலத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நகலை மட்டும் கம்ப்யூட்டரில் இணையுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண் கொண்டவை என்பதால் சேர்த்து இணைத்தால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கும். குழம்பிப்போய் 'ஆன்லைன்' கொடுத்தால் அந்த டிஸ்க்கின் எண் மாறும். அது விண்டோஸ் உள்ள டிஸ்க் என்றால் பிறகு பூட் ஆகாமல் போகலாம்.

2. ஃபோல்டர் வாரியாக ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பாருங்கள்.

3. பழையது, புதியது, பெரியது என்று கலந்து சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிடம்வரை தள்ளிப் பாருங்கள். கணக்கு மென்பொருள் என்றால் அதைத் திறந்து ஒரு பழைய மாதத்து இலைக் கணக்கை அச்சிட்ட தாளோடு ஒப்பிடுங்கள்.

4. டிஸ்க் பழுது நீக்கும் கருவி எதையும் ஓட்ட வேண்டுமென்றால் இந்த நகலில் ஓட்டுங்கள்.

5. நகல் டிஸ்க் பெரியது என்றால் மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாக விரிக்கலாம். பழைய எம்பிஆர் அமைப்பில் 2 டிபிக்கு மேல் விரியாது.

வைத்துக்காப்பது

டிஸ்க்கை நிலைமின்சாரம் தடுக்கும் பையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். கேமரா லென்ஸைப் பூஞ்சையிலிருந்து காக்க நம் போட்டோகிராபர்கள் செய்வதும் இதுதான். ஜெல் நிறம் மாறியதும் புதியது போடுங்கள். மழைக்காலத்தில் கசியும் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை டாக்கில் போட்டுச் சுழலவிட்டு, ஸ்மார்ட் எண்ணைப் பார்த்து டப்பா மேல் எழுதுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் டப்பாவில் மூடிவைக்க வேண்டாம். நெடுநாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் அதிலிருந்து தகவல் கசிந்து போகும்.

மூலமும் நகலும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே மண்சரிவு இரண்டையும் கொண்டுபோகும். மூன்றாவதாக ஒரு நகல் எடுத்து, மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.